வண்ணக் கோடு உடையும் இடம்

சமையலறைக் குழாயை மிக லேசாகத் திறந்து பாருங்கள். நுனியில் சல்லடை வைத்து நுரை வரவழைக்கும் புது மாடல் குழாய் இதற்கு உதவாது; பழைய பித்தளைக் குழாய்தான் உத்தமம். சொட்டுவது நின்று நூலாக விழத் தொடங்கும் கட்டத்தில், தண்ணீர் ஓடுகிறதா அப்படியே நிற்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு தெளிவு. பின்னால் சுவரில் பதித்த ஓட்டின் கோடுகூட அதன் வழியே தெரியும். ஓசை கிடையாது. இன்னும் கொஞ்சம் திருகுங்கள், பரப்பில் சுருக்கம் விழும். மேலும் திருகினால் தெளிவு போய்விடும். நீர் வெளிறி, முறுக்கிக்கொண்டு, பாத்திரத்தில் இரைச்சலோடு விழும்.

மூன்று நிலையிலும் ஓடியது ஒரே தண்ணீர், ஒரே குழாய் வழியாக. வேகம் கூடிவிட்டது, அதுதான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் வேகம் இரட்டிப்பானால் தெளிவு பாதியாகக் குறைவதில்லையே! ஒரு கட்டம் வரை எதுவும் ஆவதில்லை. அதைத் தாண்டியதும் எல்லாம் தலைகீழாகிறது. அந்தக் கட்டம் எது? அதை முடிவு செய்வது வேகம் மட்டும்தானா?

குழாய் வாயைவிட்டு வெளியே விழும் நீரைக் கொண்டு இதற்குப் பதில் தேடுவது கடினம். அங்கே புவியீர்ப்பும் நீரின் பரப்பு இழுவிசையும் சேர்ந்து ஆட்டத்தைக் குழப்பும். குழாய்க்கு உள்ளே போக வேண்டும். உள்ளே நடப்பதைத் தெளிவாகப் பார்ப்பது எளிதல்ல என்பதுதான் 19-ஆம் நூற்றாண்டில் சிக்கல்.

மருத்துவரின் விதி, பொறியாளரின் விதி

பாரிஸில் ழான் பாய்சொய் என்றொரு மருத்துவர் இருந்தார். உடலில் மிக நுண்ணிய நாளங்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிய ஆசைப்பட்டு, தலைமுடி கனத்துக்கு இழுத்த கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்தார். 1840-களில் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது: அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் ஓட்டமும் இரட்டிப்பாகும்.

அதே பிரான்சில், டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்து பெயர் பெற்ற பொறியாளர் ஆன்றி டார்சி. அவர் பெரிய குழாய்களில் அளந்து 1857-இல் வெளியிட்ட முடிவு வேறு. ஓட்டத்தை இரட்டிப்பாக்க ஏறக்குறைய நான்கு மடங்கு அழுத்தம் தேவைப்பட்டது.

இருவரும் கவனமாக அளந்தவர்கள். தண்ணீரும் ஒன்றே. இரண்டு விதிகள் எப்படி வந்தன? ஜார்ஜ் ஸ்டோக்ஸ் போன்ற கணித மேதைகள் நீரோட்டத்துக்கான சமன்பாடுகளை 1840-களிலேயே எழுதி முடித்திருந்தார்கள். அவற்றைக் குழாய்க்குப் பொருத்தினால் பாய்சொய் விதிதான் வந்தது. டார்சியின் விதி எங்கிருந்து முளைத்தது என்று சமன்பாடு சொல்லவில்லை.

துப்பு ஒன்று கிடைத்திருந்தது. பிரஷ்யாவின் நீர்ப்பணிப் பொறியாளர் கோட்ஹில்ஃப் ஹாகன் 1839-லேயே ஒன்றைக் கவனித்து எழுதிவைத்தார். மெதுவாக ஓடும்போது குழாயிலிருந்து வரும் நீர்த்தாரை கெட்டியான கண்ணாடிக் கம்பி போலிருந்தது; ஒரு வேகத்தைத் தாண்டியதும் அது விட்டுவிட்டுத் துள்ளியது. நாம் சமையலறையில் பார்த்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ஹாகனின் குறிப்பை அந்தக் காலத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டறையில் பழகிய பேராசிரியர்

1868-இல் மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியலுக்கென்று ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கினார்கள். ஊர்த் தொழிலதிபர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். பொறியியல் என்பது பட்டறையில் கற்கும் தொழில், அதற்குக் கல்லூரி எதற்கு என்று கேட்பவர்களே அன்று இங்கிலாந்தில் அதிகம். அந்தப் பதவிக்கு வந்தவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். வயது 25. பெல்ஃபாஸ்டில் 1842-இல் பிறந்தவர், பாதிரியாரின் மகன். கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்கப் போவதற்கு முன்பே ஒரு இயந்திரப் பட்டறையில் தொழில் பழகியிருந்தார். முதலில் கையில் எண்ணெய்க் கறை, அப்புறம்தான் கணிதம். அவருடைய ஆய்வுகளை எல்லாம் பார்த்தால் இந்த வரிசை முக்கியம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஒரே கல்லூரியில் 37 ஆண்டுகள் இருந்தார். வகுப்பறையில் அவரைப் பின்தொடர்வது கஷ்டம் என்று பெயர். பிற்காலத்தில் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே. ஜே. தாம்சன் அவரிடம் படித்தவர்களில் ஒருவர். மாணவர்களிடையே வழங்கிய கதை ஒன்று உண்டு. கணக்கிடும் நழுவுகோலை விளக்க 3-ஐ 4-ஆல் பெருக்கிக் காட்டினாராம். விடை 11.8 என்று வந்தது. வகுப்பு சிரித்தது. நம் வேலைக்கு இது போதும் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாராம்.

அவர் தொட்ட விஷயங்களின் பட்டியல் விசித்திரமானது. மழை பெய்தால் கடல் அலை அடங்குவது ஏன் என்று எழுதினார். தாங்கிகளில் எண்ணெய்ப் படலம் இரும்பை இரும்பிலிருந்து எப்படிப் பிரித்து நிறுத்துகிறது என்று 1886-இல் காட்டினார். இன்றைய உராய்வியல் அதன்மேல்தான் நிற்கிறது. மெர்சி ஆற்று முகத்துவாரத்தைச் சிறிய மாதிரியாகச் செய்து அதற்குள் கடலேற்றத்தையும் வடிதலையும் ஓடவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1885-இல் அவர் விளக்கிய ஈர மணல். கடற்கரையில் அலை வந்து போன ஈரத்தில் கால் வைத்தால், காலைச் சுற்றி ஒரு முழத்துக்கு மணல் சட்டென்று வெளுத்து உலர்ந்துவிடும். அழுத்தினால் தண்ணீர் பிதுங்கி மேலே வர வேண்டும் அல்லவா? நடப்பதோ நேர்மாறு. நெருக்கமாக அடைந்து கிடக்கும் மணல் துகள்கள் ஒன்றையொன்று தாண்டி நகர வேண்டுமானால் கொஞ்சம் விலகியே ஆக வேண்டும். விலகினால் இடுக்குகள் பெரிதாகும். மேலே இருந்த நீரை அந்த இடுக்குகள் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். காலை எடுத்ததும் நீர் திரும்பிவரும். மெரினாவிலோ திருச்செந்தூரிலோ அடுத்த முறை நடக்கும்போது குனிந்து பாருங்கள்.

சாய நீரும் கண்ணாடிக் குழாயும்

இனி அந்தப் புகழ்பெற்ற பரிசோதனைக்கு வருவோம். 1883-இல் ராயல் சொசைட்டி வெளியிட்ட கட்டுரையில் ரெனால்ட்ஸ் அதைப் படத்தோடு விவரித்திருக்கிறார்.

ஆறு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் பக்கங்கள் கண்ணாடியாலான ஒரு தொட்டி. அதற்குள் படுக்கைவாக்கில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாயின் வாயில் தாரை வாத்தியத்தின் வாய் போல விரிந்த, வார்னிஷ் பூசிய மரத்துண்டு. நீர் உள்ளே நுழையும்போது விளிம்பில் மோதிக் கலங்கிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. குழாயின் மறுமுனை தொட்டிச் சுவரைத் தாண்டிக் கீழே இறங்கி ஒரு அடைப்பானில் முடியும். அடைப்பானைத் திருகத் தொட்டியைத் தொடவே வேண்டியதில்லை. நீண்ட நெம்புகோல் ஒன்று மேலே மேடையில் நிற்பவர் கைக்கு எட்டும்படி வரும். ஒரு அங்குலம், அரை அங்குலம், கால் அங்குலம் என்று மூன்று அளவில் குழாய்கள் வைத்திருந்தார்.

தொட்டியை நிரப்பிவிட்டுப் பல மணி நேரம் அப்படியே விட்டுவிடுவார். நீர் முழுக்க அடங்க வேண்டும். பிறகு விரிந்த வாயின் நடுவில் ஒரு மெல்லிய குழல் வழியாகச் சாய நீரைக் கசியவிட்டு, நெம்புகோலை மெதுவாக நகர்த்துவார்.

வேகம் குறைவாக இருக்கும்போது சாயம் குழாயின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே நேர்கோடாகப் போயிற்று. பக்கத்து நீரோடு கலக்கவே இல்லை. நீர் அடுக்கடுக்காக, தன் தன் வரிசையில் ஓடும் இந்த நிலையை வரிச்சீர் ஓட்டம் என்கிறோம். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினார். கோடு அப்படியே இருந்தது. மேலும் கூட்டினார். திடீரென்று, குழாயின் வாயிலிருந்து வெகுதூரம் தள்ளி ஒரு இடத்தில், கோடு உடைந்து நீர் முழுவதும் சாயமாகிவிட்டது. வேகத்தைக் கூட்டக் கூட்ட உடையும் இடம் வாயை நோக்கி நகர்ந்து வந்தது. ஆனால் வாயை எட்டவே இல்லை. கோடு உடைந்த பிறகு வரும் நிலையைப் பள்ளிப் பாடநூல் சுழற்சி ஓட்டம் என்கிறது. இந்த அத்தியாயத்தில் அதைக் கொந்தளிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

சாயம் கலந்த பகுதி வெறும் கண்ணுக்கு ஒரே சீரான நிறமாகத் தெரிந்தது. ரெனால்ட்ஸ் அதோடு விடவில்லை. மின்பொறியின் வெளிச்சத்தில் பார்த்தார். மின்பொறி ஒரு கணம்தான் எரியும். அந்தக் கணத்தில் ஓடும் நீர் உறைந்து நிற்பதாகக் கண்ணுக்குத் தெரியும். சீரான நிறம் என்று தோன்றியதற்குள்ளே தெளிவான சுருள்கள் இருந்தன. கொந்தளிப்பு என்பது ஒழுங்கே இல்லாத கலவை இல்லை, அதற்கு உள்ளே ஒரு வடிவம் இருக்கிறது என்று அவர் அங்கே பார்த்தார்.

இன்னொன்றையும் குறித்துவைத்தார். சில நிலைகளில் கொந்தளிப்பு குழாய் முழுவதும் ஒரேயடியாக வருவதில்லை. கொஞ்ச நீளம் கொந்தளிப்பு, பிறகு தெளிவு, மறுபடி கொந்தளிப்பு என்று பளிச்சுப் பளிச்சென்று வந்துபோயிற்று. இந்தக் குறிப்பை நினைவில் வையுங்கள். இதன் முழு அர்த்தம் புரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கணக்கு

குழாயின் அகலத்தை மாற்றி, வேகத்தை மாற்றி, நீரின் வெப்பத்தையும் மாற்றிச் செய்து பார்த்த ரெனால்ட்ஸுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கோடு உடையும் கட்டத்தை வேகம் தனியாக முடிவு செய்வதில்லை. வேகத்தையும் அகலத்தையும் பெருக்கி, நீரின் பாகுத்தன்மையால் வகுத்தால் வரும் எண்தான் முடிவு செய்கிறது.

காரணம் இதுதான். ஓடும் நீர் போகிற போக்கிலேயே போகப் பார்க்கும். எங்காவது ஒரு துளி வழி விலகினால் அந்த விலகலைப் பெரிதாக்குவது அந்த வேகம். விலகி விளையாட இடம் தருவது அகலம். பாகுத்தன்மை இதற்கு எதிர்க்கட்சி. பக்கத்துப் பக்கத்து அடுக்குகளைப் பிடித்து இழுத்து, விலகலைக் கரைத்துவிடும். இந்த இருவரில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்வதே அந்த எண். அதற்கு அலகு கிடையாது. 1908-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் அதற்கு ரெனால்ட்ஸ் எண் என்று பெயர் வைத்தார்.

நம் வீட்டுக் குளியலறையில் இதைக் கணக்குப் போட்டுவிடலாம். அரை அங்குலக் குழாய். உள் அகலம் 1.5 செ.மீ. என்று கொள்வோம். 15 லிட்டர் வாளி நிறைய 2 நிமிடம் ஆகிறது. அப்படியானால் நொடிக்கு 125 மில்லிலிட்டர் வருகிறது. குழாயின் குறுக்குவெட்டு சுமார் 1.77 சதுர செ.மீ. 125-ஐ அதனால் வகுத்தால், குழாய்க்குள் நீரின் வேகம் நொடிக்கு 71 செ.மீ. கிட்டத்தட்ட ஒரு மனிதர் மெல்ல நடக்கும் வேகம்தான். இதை அகலத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 106.

இனி பாகுத்தன்மை. இதை நீரின் அடர்த்தியால் வகுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் உள்ள தண்ணீருக்கு, சென்டிமீட்டர்–நொடிக் கணக்கில், அது 0.008. 106-ஐ 0.008-ஆல் வகுத்தால் 13,000-ஐ ஒட்டி வருகிறது.

குழாய்களில் 2,000-ஐ ஒட்டிய எண்ணைத் தாண்டினால் கொந்தளிப்பு தங்கிவிடலாம் என்பது பாடநூல் கணக்கு. நம் குழாய் அதை ஆறு மடங்குக்கு மேல் தாண்டி நிற்கிறது. 2,000-க்குள் அடக்க வேண்டுமென்றால் வேகத்தை நொடிக்கு 11 செ.மீ. அளவுக்குக் குறைக்க வேண்டும். அப்போது அதே வாளி நிறைய 13 நிமிடம் ஆகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் தெருவில் யார் அதற்குப் பொறுப்பார்கள்? வீட்டுக் குழாய்களில் பெரும்பாலும் எப்போதும் கொந்தளிப்புதான் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவரில் காது வைத்தால் கேட்கும் அந்தச் சலசலப்பில் அதற்கும் பங்கு உண்டு.

வெப்பத்தின் கைவரிசையையும் பாருங்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து 45 டிகிரியில் நீர் இறங்கினால் 0.008 என்பது 0.006 ஆகிவிடும். குழாயும் வேகமும் மாறாமலேயே எண் 17,000-ஐத் தாண்டும். மான்செஸ்டரின் பனிக்காலத்துக் குழாய்நீர் 5 டிகிரி என்றால் அதே எண் சுமார் 7,000-க்கு இறங்கிவிடும். தண்ணீருக்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஓடினால், அதன் பாகுத்தன்மை தண்ணீரைப் போலப் பல பத்து மடங்கு என்பதால், எண் சில நூறுகளில் நின்றுவிடும். செக்கிலிருந்து எண்ணெய் ஊற்றும்போது தாரை வழுவழுப்பாக விழுவது அதனால்தான்.

பாய்சொய்–டார்சி தகராறும் இத்துடன் தீர்ந்தது. முடி கனத்துக் குழாயில் அகலம் மிகச் சிறியது. பாய்சொய் எவ்வளவு அழுத்தினாலும் எண் வரம்புக்குள்ளேயே கிடந்தது. டார்சியின் குழாய்கள் அகலமானவை. அவற்றில் எண் எப்போதும் வரம்புக்கு மேலே. மருத்துவர் பார்த்தது வரிச்சீர் ஓட்டத்தின் விதி, பொறியாளர் பார்த்தது கொந்தளிப்பின் விதி. இருவரும் வேறு வேறு ஊரை அளந்துவிட்டு ஒரே ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

2,000-மா, 13,000-மா?

இந்த இடத்தில் கவனமான வாசகர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வரம்பு 2,000 என்றேன். ஆனால் கண்ணாடிக் குழாயில் ரெனால்ட்ஸ் கண்ட வரம்பு 2,000 இல்லை. சுமார் 13,000. நம் குளியலறைக் குழாய் அவருடைய தொட்டிக்குள் இருந்திருந்தால் கோடு உடைவதற்கு நூலிழைதான் பாக்கி இருந்திருக்கும்.

அப்படியானால் 2,000 எங்கிருந்து வந்தது? அதையும் அவரேதான் கண்டார். நீண்ட ஈயக் குழாய்களில் வேண்டுமென்றே கலங்கிய நீரை அனுப்பி, அந்தக் கலக்கம் எப்போது தானாக அடங்குகிறது என்று அழுத்த அளவை வைத்துப் பார்த்தார். அது சுமார் 2,000-இல் அடங்கியது. ஆக, அமைதியாக நுழையும் நீர் 13,000 வரை தாக்குப்பிடிக்கிறது. கலங்கி நுழைந்த நீர் 2,000-க்குக் கீழே வந்தால்தான் அடங்குகிறது. இடைப்பட்ட பரப்பில் இரண்டும் சாத்தியம். எது நடக்கும் என்பது எவ்வளவு தொந்தரவு உள்ளே போயிற்று என்பதைப் பொறுத்தது. நம் வீட்டில் முழங்கை வளைவுகள், அடைப்பான், மோட்டாரின் அதிர்வு எல்லாம் இருப்பதால் 13,000 வரை போகிற பேச்சே இல்லை.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. ரெனால்ட்ஸின் கருவி மான்செஸ்டரில் பத்திரமாக இருக்கிறது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து அதே கருவியில் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். 13,000-ஐ எட்ட முடியவில்லை. அதற்கு முன்பே கோடு உடைந்தது. வெளியே சாலையில் ஓடிய கார், லாரிகளின் அதிர்வுதான் காரணம். குதிரை வண்டிக் காலத்து மான்செஸ்டர் அவ்வளவு அமைதி. மறுபுறம், 1961-இல் வெர்னர் ஃபென்னிங்கர் மிகுந்த கவனத்தோடு நுழைவாயை அமைத்து 1,00,000 வரை வரிச்சீராக ஓட்டிக் காட்டினார்.

கோட்பாட்டுக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. நுண்ணிய தொந்தரவு ஒன்றைக் குழாய் ஓட்டத்தில் போட்டுச் சமன்பாட்டை ஓட்டினால், எந்த எண்ணிலும் அது தேய்ந்து மறைந்துவிடுகிறது. கணக்குப்படி கோடு உடையவே கூடாது! சோமர்ஃபெல்டின் மாணவர் வெர்னர் ஹைசன்பர்க், குவாண்டம் இயற்பியலுக்குப் போவதற்கு முன்பு, 1923-இல் முனைவர் பட்டத்துக்கு எழுதியதே இந்தக் கொந்தளிப்புச் சிக்கலின் ஒரு கிளையைப் பற்றித்தான்.

சராசரி எடுக்கும் தந்திரம்

ரெனால்ட்ஸ் இதற்குள் வேறு திசையில் போய்விட்டார். கொந்தளிப்பு ஏன் பிறக்கிறது என்று தெரியாவிட்டாலும், பிறந்த பிறகு அதைக் கணக்கில் கொண்டுவரலாமே! 1895-இல் வெளியான கட்டுரையில் அவர் செய்தது இது: ஒவ்வொரு இடத்திலும் வேகத்தை இரண்டாகப் பிரி. ஒன்று சராசரி. மற்றது அதைச் சுற்றிய ஏற்ற இறக்கம். ஏற்ற இறக்கத்தைச் சராசரி எடுத்தால் பூஜ்யம்தான். ஆனால் ஏற்ற இறக்கத்தை ஏற்ற இறக்கத்தால் பெருக்கிச் சராசரி எடுத்தால் பூஜ்யம் வராது. மிஞ்சி நிற்கும் அந்தத் தொகை ஒரு கூடுதல் உராய்வாக வேலை செய்கிறது. அழுத்தத்தை நான்கு மடங்காக்கச் சொல்லும் டார்சியின் வில்லன் அதுதான்.

கட்டுரையை மதிப்பிட்ட ஸ்டோக்ஸும் ஹொரேஸ் லாம்பும் பல இடங்கள் தெளிவாக இல்லை என்று குறைபட்டார்கள். ஆனாலும் அச்சிடலாம் என்றார்கள். நல்ல வேளை. இன்று கார், விமான இறக்கை, பம்பு என்று எதை வடிவமைத்தாலும் தொழிற்சாலைக் கணினிகள் பெரும்பாலும் ஓட்டுவது அந்தச் சராசரிச் சமன்பாட்டைத்தான். மிஞ்சிய தொகைக்கு மட்டும் முறையான மதிப்பு எதிலிருந்தும் வருவதில்லை. அனுபவத்தை வைத்து ஒரு ஒப்பேற்றல் செய்துகொள்கிறார்கள். பொறியியலின் பெரும் பகுதி இந்த ஒப்பேற்றலில்தான் ஓடுகிறது என்று சொன்னால் துறைக்காரர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

திட்டுத் திட்டாக வரும் கொந்தளிப்பு

பளிச்சுப் பளிச்சென்று வந்துபோன அந்தக் கொந்தளிப்பை நினைவில் வைக்கச் சொன்னேன். பிற்காலத்தில் அதைத் தட்டையான பரப்புகளின் மேலும் கண்டார்கள். ஹார்வர்டில் ஹோவர்ட் எம்மன்ஸ் 1951-இல், நீரோட்டத்தில் கொந்தளிப்பு சின்னச் சின்னத் திட்டுகளாகத் தோன்றி வளர்வதை விவரித்தார். அந்தத் திட்டுகள் எங்கே பிறக்கின்றன, எவ்வளவு நேரத்துக்கு ஒரு இடத்தை ஆக்கிரமிக்கின்றன என்பதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் காற்றை வைத்து அளந்து ஒழுங்குபடுத்தியவர்கள் சதீஷ் தவானும் அவர் மாணவர் ரோத்தம் நரசிம்மாவும். 1958-இல் வெளிவந்த அவர்கள் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குப் பெயராக இருக்கும் அதே தவான்தான்.

குழாய்க்குள் இந்தத் திட்டுகள் எப்படி வாழ்கின்றன என்பதை 1973-இல் இஸ்ரேல் விக்னான்ஸ்கியும் ஃபிரான்சிஸ் ஷாம்பானும் துல்லியமாக வரைந்தார்கள். 2,000-ஐ ஒட்டிய எண்களில் ஒரு திட்டு குழாய் அகலத்தைப்போல் பல மடங்கு நீளத்துக்கு, தன் நீளம் பெரிதாக மாறாமல் நீரோடு மிதந்து போகும். முன்னும் பின்னும் வரிச்சீர் ஓட்டம். வெகுநேரம் அப்படியே போய்க்கொண்டிருந்துவிட்டு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சட்டென்று மறைந்துவிடும். சில சமயம் மறைவதற்கு முன் தன்னைப்போல் இன்னொரு திட்டைக் கீழ்த்திசையில் ஈன்றுவிடும்.

கொரோனா காலத்தில் தொற்றுக் கணக்கு நமக்கெல்லாம் பழகிவிட்டது. ஒருவர் குணமாவதற்குள் சராசரியாக ஒருவருக்கு மேல் தொற்றவைத்தால் நோய் பரவும், குறைந்தால் அடங்கும். இங்கேயும் அப்படியே. ஒவ்வொரு திட்டும் என்றாவது சாகும். சாவதற்குள் குட்டி போட்டுவிட்டால் கொந்தளிப்பு நிலைக்கும். ரெனால்ட்ஸ் எண் கூடக் கூடத் திட்டின் ஆயுள் மளமளவென்று நீள்கிறது. குட்டி போடும் காத்திருப்போ மளமளவென்று சுருங்குகிறது. இரண்டும் சமமாகும் எண் எதுவோ அதுதான் உண்மையான வரம்பு.

2011-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பியோர்ன் ஹோஃப் குழுவினர் இதை அளந்து வெளியிட்டார்கள். மிக மெல்லிய, மிக நீண்ட கண்ணாடிக் குழாயில் திட்டு ஒன்றை உண்டாக்கி அனுப்பி, மறுமுனைக்கு வந்து சேர்ந்தது எத்தனை என்று எண்ணுவதுதான் வேலை. ஒன்றுமே வரவில்லையென்றால் செத்துவிட்டது. இரண்டு வந்தால் குட்டி போட்டிருக்கிறது. கேட்க எளிது. ஆனால் வரம்பை நெருங்க நெருங்க இரண்டு நிகழ்வுமே அரிதாகிவிடும். நேரடியாக அங்கே காத்திருக்க வேண்டுமானால் எந்த ஆய்வுக்கூடத்திலும் அடங்காத நீளத்துக்குக் குழாய் வேண்டும். அதனால் வரம்புக்குக் கீழே ஆயுளையும் மேலே பிறப்பையும் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப அளந்து, இரு கோடுகளும் வெட்டும் இடத்தைக் கண்டார்கள். விடை ஏறக்குறைய 2,040. ரெனால்ட்ஸ் ஈயக் குழாயில் அழுத்தமானியை வைத்துக்கொண்டு சொன்னதற்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

கோடு ஏன் உடைகிறது என்ற கேள்விக்கு இத்துடன் பாதிப் பதில் வந்துவிட்டது. வரிச்சீர் ஓட்டம் தானாக உடைவதில்லை. வெளியிலிருந்து வரும் ஒரு உதை வேண்டும். எண் கூடக் கூட, தேவைப்படும் உதை சிறுத்துக்கொண்டே போகும். 2,040-க்கு மேல், உதைத்த கை விலகிய பிறகும் கொந்தளிப்பு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். ஒரு திட்டு தன் சக்தியை எப்படி இழுத்துக்கொள்கிறது, அதற்குள் சுருள்கள் ஒன்றுக்கொன்று எப்படித் தீனி போடுகின்றன என்ற மீதிப் பாதியில் இன்னும் ஆய்வு நடக்கிறது.

ரெனால்ட்ஸ் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1905-இல் உடல்நிலை காரணமாக ஓய்வு பெற்று, 1912-இல் சாமர்செட்டில் காலமானார்.

நம் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் திரவ ஆய்வுக்கூடத்தில் ஒரு மூலையில் ரெனால்ட்ஸ் அப்பரேட்டஸ் நிற்கும். கண்ணாடிக் குழாய், மேலே சாயப் புட்டி, கீழே அளவுத் தொட்டி. பலர் அதில் அளந்துவிட்டு, விடை 2,000-க்குப் பக்கத்தில் வராவிட்டால் நோட்டில் வரவைத்துவிடுவார்கள். அந்தக் கருவி முன்னால் நிற்கப்போகும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீரை நன்றாக அடங்கவிட்டுத் தொடங்குங்கள். கோடு 3,400-இல் உடைந்தால் 3,400 என்றே எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே, தொட்டி எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது, அடுத்த மேசையில் பம்பு ஓடிக்கொண்டிருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.